சிப்பி முதலில், வீனஸ் பிறகு: ரெடோன் பாணியில் ஒரு பேஸ்டல்

ஒடிலோன் ரெடோன் 1912 வாக்கில் வண்ணத்தூள் கட்டியால் தீட்டிய ‘வீனஸின் பிறப்பு’ பேஸ்டல் பாரிஸில் பெத்தி பலே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீனஸ் ரோமானியரின் காதல் தேவி, கடலில் பிறந்து சிப்பியில் வந்தவள். 1863இல் பிரெஞ்சு ஓவியர் கபனெல் அலைமேல் படுக்கவைத்த வீனஸுக்கு உடம்புதான் எல்லாம். குறியீட்டு ஓவியரான ரெடோனுக்குச் சிப்பியும் அதன் உள்ளொளியும் முந்தி. வரைகிற வரிசையும் அதுவாகவே இருக்கட்டும். உருவத்தைக் கோட்டில் கட்டிவிட்டுச் சுற்றிலும் வண்ணம் நிரப்பினால் காலண்டர் படம்தான் மிஞ்சும்.

கடையில் வெறுமனே பேஸ்டல் என்று கேட்டால், பிள்ளைகளுக்கான ஆயில் பேஸ்டலை நீட்டிவிடுவார்கள். அது மெழுகு, தூளாகப் படியாது. சாஃப்ட் பேஸ்டல் என்று சொல்லிக் கேளுங்கள். தாளின் கனம் 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), சொரசொரப்பானது, மணல் நிறமோ சாம்பலோ. சார்ட் பேப்பர் வேண்டாம், தூள் வழுக்கும்.

பலகையை நிமிர்த்தி வையுங்கள், உதிரும் தூள் கீழே போகட்டும். வாயால் ஊதக் கூடாது. ஃபேனையும் நிறுத்த வேண்டும். மதுரையில் சித்திரை மாதம் என்றால் காலை ஒன்பதுக்குள் முடிக்கிற வேலை இது.

கட்டியைப் படுக்கவைத்து நீலத்தையும் ஊதாவையும் இழுத்து, நடுவில் சிப்பிக்கு இடம் விடுங்கள். ராமேசுவரத்துச் சங்கு ஒன்று வீட்டில் இருந்தால் எதிரே வைத்து அதன் வாயைப் பாருங்கள்: நிறம் மாறுகிற இடத்தில் கோடே கிடையாது. இளஞ்சிவப்பு, காவி, வெளிர் மஞ்சள் என்று உள்நோக்கி வாருங்கள். விரலால் தேய்க்காதீர்கள், வியர்வை பட்ட இடம் கருத்துத் திட்டாகும். சுருட்டிய டிஷ்யூ போதும்.

நான்கைந்து பூச்சுக்குமேல் தாள் தூளைப் பிடிக்காது. அப்போது முரட்டுப் பிரஷ்ஷால் தட்டி இறக்கிவிட்டு, 30 செ.மீ. தள்ளி நின்று தூளைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரேயை லேசாக அடியுங்கள். அது வெளிர் நிறங்களை மங்க வைக்கும். அதனால் தேவியின் மேனி வெளிச்சத்தை அதற்குப் பிறகுதான் வைக்க வேண்டும். அதன்மேல் மறுபடி அடிக்கக் கூடாது.

தேவிக்கு ஏழெட்டுத் தீற்றல் போதும். நிற்கும் வாகுக்கு மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத்து ரதியைப் பார்க்கலாம். இடுப்பின் ஒசிவை மட்டும் எடுத்துக்கொண்டு, உளி செதுக்கிய நகையை அங்கேயே விட்டுவிடுங்கள். கண், மூக்கு எழுதினால் கெட்டது.

பிரேம் போடும்போது கண்ணாடி படத்தில் படாதபடி இடையில் வைக்கும் 3 மி.மீ. மவுண்ட் அட்டை கேளுங்கள். விலை குறைவு என்று அக்ரிலிக் ஷீட் போட்டால், துடைக்கிறபோது எழும் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும்.