பழைய பைக் திணறுகிறதா? கார்புரேட்டரைத் திருகுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய பைக் சரியாக ஓடவில்லை என்றதும் பெரும்பாலானவர்களின் ஸ்க்ரூ டிரைவர் நேராக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டருக்குத்தான் போகிறது. ஏர் ஸ்க்ரூவில் கால் சுற்று, ஐடில் ஸ்க்ரூவில் அரைச் சுற்று என்று திருகியதும், முதலில் இருந்த பழுதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். அதன்பின் எது எதனால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்தது. மாற்றிய ஒவ்வொன்றையும் குறித்து வையுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் கார்புரேட்டர் உள்ள, ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு. இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கும் டாப்பெட் (வால்வ் இடைவெளி), வால்வ், இன்ஜின் ஆயில் பற்றியவை தவிர மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

எப்போது திணறுகிறது?

கருவிப் பெட்டியைத் திறக்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா, சூடான பிறகு நிற்கிறதா? ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாத நிலையில்) நிற்காமல் அணைகிறதா, முழு ஆக்சிலேட்டரில் இழுக்க மாட்டேன் என்கிறதா? மழையில் நனைந்த பிறகு மட்டுமா? மாதக்கணக்கில் நின்ற வண்டியா? பாதிப் பழுதை இந்தப் பதில்களே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்ஜின் மேல் பழி போடும் முன் இரண்டு விஷயம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். முன் சக்கரத்தையும் தூக்கிச் சுற்றுங்கள். பிரேக் உரசிக்கொண்டிருந்தால் எந்த ட்யூனிங்கும் உதவாது. அடுத்து, டாப் கியரில் ஆக்சிலேட்டரைத் திருகும்போது இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால், வழுக்குவது கிளட்ச். கேபிளில் சிறிது தொய்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெட்ரோல்

நீண்ட நாள் நின்ற பெட்ரோல் ஆவியாகி, பிசினாகப் படியும். எத்தனால் கலந்ததாக இருந்தால் ஈரத்தையும் இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும், கார்புரேட்டர் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். அடியில் உருண்டை உருண்டையாகத் தனியே நிற்பது தண்ணீர். துருத்தூள் வந்தால் டேங்க்கையும் பெட்ரோல் டேப்பின் (டேங்க் அடியிலுள்ள குழாயின்) வலையையும் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரைச் சுத்தம் செய்வது வீண் வேலை.

அடுத்து ஓட்டம். கார்புரேட்டர் முனையில் டியூபைக் கழற்றி, குப்பியில் விட்டு, டேப்பைத் திறங்கள். பெட்ரோல் ஒரே சீராக வரவேண்டும். வேகமாகத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே ஓட்டம் திரும்பினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, திணறி நின்று, சற்று ஓய்ந்தபின் மறுபடி ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். செலவே இல்லாத பழுது இது. மூடியைத் திறந்தும் ஓட்டம் திரும்பாவிட்டால் டேப்பின் வலை அல்லது ஃபில்டர்.

இன்ஜின் உறிஞ்சலில் திறக்கும் வாக்குவம் டேப் உள்ள வண்டியில், மெல்லிய வாக்குவம் டியூபைக் கழற்றி முகருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டேப்பின் டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) கிழிந்து, பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் போகிறது.

இந்த வேலைகள் எல்லாம் திறந்த வெளியில், ஆறிய இன்ஜினில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல்.

பிளக்கும் ஸ்பார்க்கும்

பிளக் ஒரு சாட்சி. ஆனால் ஐடிலில் ஓடவிட்டுக் கழற்றினால் எல்லா பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். சாதாரண வேகத்தில் சில கிலோமீட்டர் ஓட்டி, ஓடும்போதே கிளட்ச்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, வண்டியை ஓரங்கட்டிக் கழற்றுங்கள். நெரிசலில்லாத சாலையில் மட்டும். பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்குடன் இருந்தால் ரிங் அல்லது வால்வ் சீல் வழியாக ஆயில் ஏறுகிறது. சுண்ணாம்பு வெள்ளையாகவோ கொப்புளம் விட்டோ இருந்தால் காற்று அதிகம், இன்ஜின் கொதிக்கிறது. அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் போகும்.

பிளக் முனைகளின் இடைவெளி பல பழைய வண்டிகளில் 0.6 முதல் 0.7 மி.மீ. உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் எண்ணே இறுதி. புது பிளக்கைக் கையால் முழுதும் திருகி, பிறகு ஸ்பேனரால் சுமார் அரைச் சுற்று. பழைய பிளக்கானால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கிலிருந்து எட்டில் ஒரு பங்குச் சுற்று போதும். அலுமினிய ஹெட்டின் மரை கெட்டால் அதன் வேதனை வேறு.

ஸ்பார்க் பார்க்க, நல்ல பிளக் ஒன்றைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடலை ஹெட்டில் அழுத்தி வைத்துக் கிக்கரை மிதியுங்கள். பிளக் துளையருகே வைக்காதீர்கள், அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும். கேப்பை அந்தரத்தில் விட்டு மிதிப்பதும் கூடாது, ஸ்பார்க்கை இயக்கும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ. யூனிட் எரியக்கூடும். நீலமாக, ‘டிக்’கென்று அடித்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து வந்தால் பலவீனம். வெளியே நன்றாகத் தெரியும் ஸ்பார்க்கும் உள்ளே அழுத்தத்தில் அணையலாம், ஆகவே ஸ்பார்க் தெரிந்தது என்பதற்காக இக்னிஷனுக்கு முழு விடுதலை கொடுத்துவிடாதீர்கள்.

பலவீனத்துக்குக் காரணம் பெரும்பாலும் சின்னது. பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, ஹெச்.டி. வயரின் (காயிலிலிருந்து பிளக்குக்கு வரும் தடித்த வயர்) பச்சை பூத்த முனையில் 5 மி.மீ. வெட்டி, மறுபடி திருகுங்கள். ரெசிஸ்டர் வகை கேப் சாதாரணமாக 5 கிலோ ஓம் சுற்றிக் காட்டும். பல மடங்கு காட்டினாலோ, மீட்டர் அசையாவிட்டாலோ மாற்றுங்கள். காயிலைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டில் துரு இருந்தால் உரசி எடுங்கள். கில் சுவிட்ச் எர்த் ஆக்கி அணைக்கும் வகையானால், அதன் வயரைத் தற்காலிகமாகப் பிரித்து ஓட்டிப் பாருங்கள். மழை நாள் மிஸ்ஸிங் (விட்டு விட்டு எரிவது) பல நேரம் அந்தச் சுவிட்சுக்குள்தான் இருக்கும்.

சி.டி.ஐ.க்குப் பதில் பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க் உண்டாக்கும் தொடுமுனை) உள்ள வண்டியானால் திறப்பு 0.3 முதல் 0.4 மி.மீ. பாயிண்ட் முகம் அடிக்கடி கருகினால், உரசி விட்டுப் போகாமல் கண்டன்சரை மாற்றுங்கள். பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சி.டி.ஐ. என்றால் பேட்டரியும் கணக்கில் வரும். ஓய்வில் 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.2க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள்.

டாப்பெட்

இதைத் தவறாகப் புரிந்துகொண்டு கெட்ட இன்ஜின்கள் நிறைய. டாப்பெட் சத்தம் கேட்டால் பயந்து, சத்தம் நிற்கும்வரை இறுக்கிவிடுகிறார்கள். தளர்ந்த டாப்பெட் சத்தம் போடும், அவ்வளவுதான் உடனடித் தொல்லை. இறுகிய டாப்பெட் வாய் திறக்காமல் வால்வைச் சுட்டுத் தீர்க்கும். வால்வ் தன் இருக்கையில் முழுதாக அமராததால் அழுத்தம் கசியும், வால்வின் சூடு ஹெட்டுக்குள் இறங்க வழியில்லாமல் விளிம்பு கருகும். ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் ஆகி, சூடானதும் ஐடில் நிற்காமல், நின்றால் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும் வண்டியில் இது முக்கியச் சந்தேகம்.

இன்ஜின் இரவு முழுதும் ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, மேக்னெட்டை (இன்ஜின் பக்கவாட்டுக் கவருக்குள் சுற்றும் காந்தச் சக்கரம்) சுற்றி, அதன் ‘டி’ குறியைக் கவரின் குறியோடு சேருங்கள். வால்வை அழுத்தும் இரண்டு ராக்கரும் லேசாக ஆடினால், அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் (பிஸ்டன் கலவையை அழுத்தும் கட்டத்தின்) உச்சி. ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பல சிறிய இன்ஜின்களில் இடைவெளி 0.05 முதல் 0.10 மி.மீ.க்குள் இருக்கும், சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) சற்றே உரசிக்கொண்டு நுழைய வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும், ஆகவே இறுக்கியபின் மறுபடி அளக்காமல் கவரை மூடாதீர்கள்.

காற்று

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சானால் சோப்பு நீரில் கசக்கி, முழுதும் உலர்த்தி, ஃபில்டர் ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். பேப்பரானால் கழுவாமல் மாற்றுங்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது தீர்வாகாது, தூசி சிலிண்டரைத் தேய்க்கும்.

கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பரில் வெடிப்பு விழுந்தால் கணக்கில் வராத காற்று நுழையும். ஐடில் ஏறி இறங்கும், ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் வேகம் மெதுவாகவே இறங்கும். இன்ஜினை ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து, சைலன்சர் சூடாகும் முன் அந்த இணைப்பின் மேல் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிதளவு அடியுங்கள். வேகம் மாறினால் கசிவு அங்கேதான். ரப்பர் நன்றாக இருந்தால் போல்ட் போடும் தட்டையான விளிம்பை, அதாவது ஃபிளாஞ்சைப் பாருங்கள். இரண்டு போல்ட்டையும் ஆவேசமாக இறுக்கி இறுக்கி அது வளைந்திருக்கும். தட்டையான கண்ணாடி மேல் நுண்ணிய உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தி, புது ஓ-ரிங் போடுங்கள்.

இனி கார்புரேட்டர்

திணறும் நேரத்தில் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். வண்டி தேறினால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமானால் ஏற்கெனவே அதிகம் போகிறது. பிறகு, ஆக்சிலேட்டர் கைப்பிடியில் ஒட்டு நாடா ஒட்டிக் கால், அரை, முக்கால் எனக் குறியிடுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) ஏர் ஸ்க்ரூவும், கால் வரை ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடின் வெட்டு, காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். எந்தக் குறியில் திணறல் வருகிறதோ அந்தப் பாகம்தான் குற்றவாளி.

நின்ற வண்டியில் முதலில் அடைவது பைலட் ஜெட். அதன் துளை பெரும்பாலும் அரை மி.மீ.கூட இராது. அது அடைந்தால், சோக் போட்டால் மட்டும் ஐடில் நிற்கும், எடுத்தால் அணையும். கழற்றும் முன் ஏர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அமர்கிறது என்று எழுதுங்கள். ஜெட்டைக் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடியுங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். இரும்புக் கம்பி வேண்டாம், பித்தளையைக் கீறி அளவை மாற்றிவிடும். மெல்லிய செம்பு வயரின் ஓர் இழை போதும். கார்புரேட்டர் உடலிலுள்ள பாதைகளிலும் கிளீனர் அடித்து, மறுமுனையில் பீய்ச்சி வருகிறதா என்று பாருங்கள். ரப்பர் பாகங்களை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

பாதி ஆக்சிலேட்டரில் மட்டும் கறுப்புப் புகையும் மைலேஜ் இறக்கமும் இருந்தால், பல்லாயிரம் கிலோமீட்டர் உரசி நீடிலும் அது நுழையும் ஜெட்டும் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நீடில் கிளிப்பை ஒரு படி மேலே போட்டால் நீடில் இறங்கிப் பெட்ரோல் குறையும். ஆனாலும் தேய்ந்த ஜெட்டுக்கு அது தற்காலிக ஒட்டுதான்.

கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் நீடிலின் ரப்பர் நுனியில் வளையமாகத் தடம் விழுந்திருந்தால் பெட்ரோல் நிரம்பி வழியும். ஆயில் குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் ஆயிலை மாற்றும்வரை இன்ஜினை ஓட்ட வேண்டாம்.

கடைசியில் ட்யூனிங். இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். ஏர் ஸ்க்ரூவை மெல்ல அமர்த்தி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்கி, கால் கால் சுற்றாகத் திருப்பி, ஐடில் உச்சத்தில் நிற்கும் இடத்தைத் தேடுங்கள். பிறகு ஐடிலைக் குறையுங்கள். ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே எடுக்க எடுக்கப் பெட்ரோல் குறையும், இன்ஜின் பக்கம் இருந்தால் கூடும்.

எதுவும் பலிக்காவிட்டால் கம்ப்ரஷன்

சூடான இன்ஜினின் பிளக் துளையில் கம்ப்ரஷன் (அழுத்தம்) அளக்கும் கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து, முள் மேலும் ஏறாமல் நிற்கும்வரை கிக் செய்யுங்கள். பிளக் கேப்பில் ஒரு பிளக்கைச் செருகி எர்த்தில் வைக்க மறக்காதீர்கள். பல சிறு இன்ஜின்களில் 130 முதல் 170 பி.எஸ்.ஐ. வரும், தானே அழுத்தம் குறைக்கும் அமைப்பு உள்ளவற்றில் இன்னும் குறையும். நூறுக்குக் கீழே என்றால் பிளக் துளையில் 5 மி.லி. ஆயில் விட்டு மறுபடி அளங்கள். முள் நன்றாக ஏறினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வ், அல்லது ஹெட் கேஸ்கெட். இரண்டில் எதுவானாலும் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.