எட்டாத இடது குத்தைச் சரிசெய்த விதம்

நான் இடது கைக்காரன். வலது கைக்காரரோடு பாக்ஸிங் போடும்போது என் இடது நேர்குத்து நாலு விரற்கடை குறைவாகவே விழும். கோளாறு கையில் இல்லை, காலில். முன்னால் வைக்கும் என் வலது பாதம் எதிராளியின் இடது பாதத்துக்கு உள்பக்கம் நின்றது. அப்படி நின்றால் அவருடைய வலது கைக்கு நாமே முகத்தைக் கொடுக்கிறோம்.

வியாசர்பாடி மொட்டை மாடியில், குத்திப் பழகும் மூட்டைக்கு முன்னால் சாக்பீஸால் எதிராளியின் இடது பாதத்தை வரைந்தேன். அதற்கு வலப்பக்கம் அரைச் சாண் தள்ளி என் வலது பாதம், கூடவே ஜாப், அதாவது முன்கையான வலது கையால் சட்டென ஒரு நேர்குத்து. அடுத்து பின்னால் நிற்கும் இடது காலின் குதிகால் தரையை விட்டெழும்பி வெளியே திரும்ப, இடது குத்து. 3 நிமிடச் சுற்று 3. குதிகால் ஒட்டிக்கொண்டால் இடுப்பு திரும்பாது, வெறும் தோள்தான் வேலை செய்யும். இடது கை கிளம்பும்போதே வலது கை தாடைக்கு வந்துவிட வேண்டும். எதிராளியின் இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, அங்கேதான் பாயும்.