கான்செர்டினா பழகத் தொடங்குவோருக்கு: முதலில் துருத்தி, பிறகே விரல்

கான்செர்டினா என்பது நடுவிலுள்ள துருத்தியை அமுக்கியும் இழுத்தும், இரு முனைகளிலுள்ள பொத்தான்களை அழுத்தியும் வாசிக்கும் சிறிய கருவி. அந்த ஒரே பெயரில் மூன்று வகைக் கருவிகள் இருப்பதை அறியாமல் வாங்கிவிட்டு, கையில் இருப்பது ஒன்றும் படிக்கும் பாடம் வேறொன்றுமாகத் திண்டாடுபவர்கள் உண்டு. சார்லஸ் வீட்ஸ்டன் லண்டனில் உருவாக்கிய இங்கிலீஷ் வகையில், துருத்தியை அமுக்கினாலும் இழுத்தாலும் ஒரு பொத்தான் ஒரே சுரத்தைத் தரும். அடுத்தடுத்த சுரங்கள் இரு கைகளுக்கும் மாறி மாறி வரும். டூயட் வகையிலும் இரு திசைக்கும் ஒரே சுரந்தான். ஆனால் கீழ்ச் சுரங்கள் இடக்கையிலும் மேல் சுரங்கள் வலக்கையிலும் அமைந்திருக்கும். ஆங்கிலோ வகையிலோ அமுக்கும்போது ஒரு சுரமும் இழுக்கும்போது பெரும்பாலும் வேறொரு சுரமும் ஒலிக்கும். 1834-இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் உஹ்லிக் செய்த கருவியின் வழிவந்தது இது. அயர்லாந்தின் நடன இசையை விரும்புவோர் பெரும்பாலும் இதையே எடுப்பர். கீழே கூறுபவை 30 பொத்தான்கள் கொண்ட, சி–ஜி (மேற்கத்திய இசையின் C, G) சுருதியிலான ஆங்கிலோவுக்கு உரியவை.

நாற்காலியின் முன்பகுதியில் நிமிர்ந்து அமர்ந்து, கருவியின் இடப்பக்க முனையை இடத்தொடைமேல் ஊன்றிக்கொள்ள வேண்டும். அந்த முனை அசையாதிருக்க, வலக்கை மட்டுமே துருத்தியை விரித்து மூட வேண்டும். துருத்தியின் மடிப்புகள் தொடையில் உரசினால் நாளடைவில் தேய்ந்துவிடும். கைவார் இறுக்கமாக இருந்தால் விரல்கள் வளையா, தளர்ந்திருந்தால் துருத்தி திரும்பும்போதெல்லாம் கை ஆடும். வாரைச் சரிசெய்யாமலேயே விரல் வலிக்கிறது என்று பலர் குறைப்படுகிறார்கள்.

இரு கைகளிலும் மூன்று வரிசைகள் உள்ளன. நடுவரிசை சி சுருதிக்கும், உள்ளங்கைக்கு அருகிலுள்ள வரிசை ஜி சுருதிக்கும் உரியவை. சி-யை ச எனக் கொண்டு, இடக்கை நடுவரிசையின் கடைசி மூன்று பொத்தான்களில் மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் ஆகியவற்றை வைத்துக்கொள்ள வேண்டும். மோதிர விரலை அழுத்தித் துருத்தியை அமுக்கினால் ச, இழுத்தால் ரி. நடுவிரலில் க, ம. ஆள்காட்டி விரலில் ப, த. இங்கேதான் பலருக்கும் தடுமாற்றம் வருகிறது. அடுத்து வலக்கை நடுவரிசையில் ஆள்காட்டி விரலுக்குரிய முதல் பொத்தானுக்கு மாறும்போது, திசையை மாற்றாமல் இழுத்தபடியே நி-யை வாசித்து, அதன்பின் அமுக்கி மேல் ச-வை எடுக்க வேண்டும். காரணம் எளியது: அமுக்கும் திசையில் ச, க, ப என மூன்று சுரங்களே இருக்க, இழுக்கும் திசைக்கு ரி, ம, த, நி என நான்கு வருவதால், எங்கேனும் இரண்டு இழுப்புகள் அடுத்தடுத்து வந்தே ஆகவேண்டும்.

ஆகவே முதல் வாரத்தில் பாட்டைத் தேடாமல், இந்த எட்டுச் சுரங்களை மெதுவாக ஏற்றியும் இறக்கியும், "அமுக்கு, இழு" என்று வாய்விட்டுச் சொல்லியபடி வாசிப்பது நல்லது. ஒலியின் வலிமை விரலின் அழுத்தத்தால் வருவதன்று, துருத்தியின் விசையால் வருவது என்பதும் இப்பயிற்சியிலேயே புலப்படும்.

இழுப்புகள் மிகுந்த பகுதியில் துருத்தி முழுவதும் விரிந்துவிடும். அப்போது வலக்கைப் பெருவிரலுக்கு அருகிலுள்ள காற்றுப் பொத்தானை, அமுக்கும் சுரம் ஒலிக்கும்போதே சிறிது திறந்து, கூடுதல் காற்றை வெளியேற்ற வேண்டும். பாட்டை நிறுத்திவிட்டுக் காற்றை வெளியேற்றும் பழக்கம் வந்துவிட்டால் மாற்றுவது கடினம். எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் துருத்தியை வலிந்து இழுப்பது அதன் இணைப்புகளைக் கெடுக்கும்.

ஏறுவரிசை தடுமாற்றமின்றி வந்தபின் ஜி வரிசையைத் தொடலாம். இடக்கையில், சுண்டுவிரல் பக்கத்திலிருந்து எண்ணி, அதன் நான்காம் பொத்தானை அமுக்கினால் நி, இழுத்தால் மேல் ச. நடுவரிசையில் இருப்பதற்கு நேர்மாறு. விரைவான பாட்டுகளில் ஒவ்வொரு சுரத்துக்கும் திசையைத் திருப்பாமல், இரு வரிசைகளையும் கலந்து ஒரே இழுப்பில் பல சுரங்களை வாசிப்பது இதனால்தான் இயலும்.