லாவானில் முதல் எஸ்.இ.எம்: மூன்று கேள்வியில் நான் மாட்டிய இடம்

காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்கும் அக்காக்களிடம் கேள்வித்தாள் எடுத்தேன். பணக் கவலை கூடினால் சீட்டு கட்டும் பழக்கம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். கவலையைத் தராசில் நிறுக்க முடியாது. நாலு கேள்விக்கு வரும் பதில்கள் சேர்ந்து ஏறி இறங்குவதை வைத்துத்தான் கணிக்க வேண்டும். அப்படிக் கணிக்கும் மறைமாறிகளையும் அவற்றுக்குள் இருக்கும் உறவையும் ஒரே மாடலில் பார்ப்பதுதான் எஸ்.இ.எம் (ஸ்ட்ரக்சுரல் ஈக்வேஷன் மாடலிங்). ரிக்ரஷன் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

மென்பொருளில் என் ஓட்டு லாவானுக்குத்தான். ஆர் என்ற புள்ளியியல் மொழியில் இயங்கும் இலவசத் தொகுப்பு, பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) பல்கலைக்கழகத்தின் ஈவ் ரோசீல் உருவாக்கியது. ஏமாஸ் (AMOS) என்ற இன்னொரு மென்பொருளில் பெரும்பாலும் மவுஸால் படம் வரைய வேண்டும். இங்கே மாடல் மூன்றே வரி, ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் என்ன செய்தோம் என்று வாசித்துவிடலாம்.

கவலை =~ க1 + க2 + க3 + க4
சேமிப்பு =~ ச1 + ச2 + ச3 + ச4
சேமிப்பு ~ கவலை

(புரிவதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் கோப்பில் ஆங்கில எழுத்துப் பெயர்களே வையுங்கள்.) =~ என்றால் இடப்பக்க மறைமாறியை வலப்பக்கக் கேள்விகள் அளக்கின்றன என்று பொருள். ~ சாதாரண ரிக்ரஷன்.

முதலில் மேல் இரண்டு வரிகளை மட்டும் சி.எஃப்.ஏ கட்டளையில் ஓட்டுங்கள். கேள்விகள் மறைமாறிகளை ஒழுங்காக அளக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பது அது. அது சரியாக வந்த பிறகுதான் மூன்றாவது வரி. உறவுகள் பல உள்ள மாடலில் எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டிப் பொருந்தாமல் போனால், கேள்வி கோளாறா கருதுகோள் கோளாறா என்று பிரிப்பது கஷ்டம்.

இனி நான் மாட்டிய இடம். கவலைக்கு முதலில் மூன்று கேள்விதான் வைத்திருந்தேன். அதைத் தனியாக ஓட்டினேன். மாடல் தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் இரண்டு எண்களும் உச்சத்தில்: சி.எஃப்.ஐ 1.000 (1-ஐ நெருங்கினால் நல்லது), ஆர்.எம்.எஸ்.இ.ஏ 0.000 (0-ஐ நெருங்கினால் நல்லது). இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான் டிகிரீஸ் ஆஃப் ஃபிரீடம் (தரவு தரும் எண்களில் மாடல் கணிப்பது போக மிச்சம்) 0 என்றிருந்தது கண்ணில் பட்டது. மூன்று கேள்வி தரும் வேரியன்ஸ், கோவேரியன்ஸ் மொத்தம் 6. மாடல் கணிப்பதும் 6: இரண்டு லோடிங் (ஒரு கேள்வி மறைமாறியோடு எவ்வளவு ஒட்டுகிறது என்ற எண்; முதல் லோடிங் 1 என்று நிலைநிறுத்தப்படும்), மூன்று பிழை வேரியன்ஸ், மறைமாறியின் வேரியன்ஸ் ஒன்று. மிச்சமே இல்லாததால் மாடல் தப்பாகவே முடியாது. அந்த 1.000 எதையும் நிரூபிக்கவில்லை. நாலு கேள்வி என்றால் 10-க்கு 8, மிச்சம் 2. அப்போதுதான் சோதனை என்ற பேச்சே வரும். மூன்றே கேள்வி கையில் இருந்தால், சேமிப்பின் நாலு கேள்விகளோடு சேர்த்து ஓட்டுங்கள்: 28-க்கு 15, மிச்சம் 13.

பொருத்தத்துக்குப் பலரும் காட்டுவது 1999-இல் ஹூவும் பென்ட்லரும் தந்த அளவுகள்: சி.எஃப்.ஐ 0.95-ஐ ஒட்டி அல்லது மேல், ஆர்.எம்.எஸ்.இ.ஏ 0.06-ஐ ஒட்டி அல்லது கீழ், எஸ்.ஆர்.எம்.ஆர் என்ற இன்னொரு பொருத்த எண் 0.08-ஐ ஒட்டி அல்லது கீழ். எட்டவில்லை என்றால், எந்த உறவைச் சேர்த்தால் பொருத்தம் கூடும் என்று காட்டும் மாடிஃபிகேஷன் இண்டெக்ஸ் சொல்லும் இடத்திலெல்லாம் கோடு சேர்க்காதீர்கள். கேள்வித்தாளுக்குத் திரும்புங்கள். “செலவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை” என்ற என் நாலாவது கேள்விக்கு ஒரு அக்கா, “கவல இல்லாம இன்னாமா வாழ்க்க?” என்றார். அதை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று நானே தடுமாறியிருக்கிறேன். அந்தக் கேள்வியின் லோடிங்தான் குறைந்து விழுந்தது. “செலவை நினைச்சா தூக்கம் வராது” என்று நேராக மாற்றி, மறுபடி போய்க் கேட்டேன்.

பின்சேர்க்கை: ஐந்து புள்ளி அளவுகோலுக்கு என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். பதில்கள் ஒரு பக்கமாகவே குவிந்திருந்தால் அவற்றை வரிசை மாறிகள் (1 முதல் 5 வரை என்பது வெறும் வரிசை, அளவு இல்லை) என்று அறிவித்துவிடுங்கள். லாவான் தானாக அதற்கேற்ற டபிள்யூ.எல்.எஸ்.எம்.வி என்ற கணிப்பு முறைக்கு மாறிவிடும். அப்போது முடிவில் எண்கள் இரண்டு நெடுவரிசைகளில் வரும். கை-ஸ்கொயரை (பொருத்தத்தைச் சோதிக்கும் எண்) இரண்டாவதான ஸ்கேல்டு நெடுவரிசையிலிருந்து எடுங்கள்.