ஆறு கை ட்ரோனில் ஒரு மோட்டார் நின்றால்

நான்கு மோட்டார் ட்ரோனில் ஒன்று நின்றால் பைலட்டின் கையில் பெரிதாக எதுவும் இல்லை. எதிர் மூலை மோட்டாரையும் ஏறக்குறைய நிறுத்தினால்தான் கவிழாது. மிச்சமுள்ள இரண்டும் ஒரே திசையில் சுற்றுவதால் உடல் பம்பரமாகச் சுழலும். சுழன்றபடியே கட்டுப்பாட்டில் பறக்க முடியும் என்று சூரிச் ஈடிஎச் ஆய்வாளர்கள் முல்லரும் டி'ஆண்ட்ரியாவும் 2014-இல் காட்டினார்கள். டிஜேஐ மேட்ரிஸ் 30-இல் மூன்று ப்ராப்பில் (சுழல்விசிறியில்) இறங்கும் வசதி உண்டு. ஆர்டுபைலட் என்ற பறப்பு மென்பொருளில் ஓடும் சாதாரண குவாடில் (நான்கு மோட்டார் ட்ரோனில்) அப்படி எதுவும் கிடையாது. அதனால் இங்கே பேசப்போவது, ஆர்டுபைலட்டில் ஓடும் 10 லிட்டர் மருந்து தெளிக்கும் ஹெக்ஸாவை, அதாவது ஆறு மோட்டார் ட்ரோனைப் பற்றி.

முதலில் எடைக் கணக்கு. டேங்க் நிறைந்த நிலையில் 24 கிலோ என்று வையுங்கள். மோட்டாருக்கு 4 கிலோ. ஒன்று நின்றால் சமநிலைக்காக எதிர்க்கையும் ஓய்ந்துவிடும். நான்கு மோட்டார் 24 கிலோவைத் தாங்க வேண்டும், அதாவது ஆளுக்கு 6 கிலோ, ஒன்றரை மடங்கு. மோட்டாரின் அதிகபட்ச உந்துவிசை 8 கிலோ என்றால் முக்கால் பங்கில் தாங்கும், திருத்திக்கொள்ளக் கால் பங்கு மிஞ்சும். அதிகபட்சமே 6 கிலோ என்றால் தாங்கலாம், ஆனால் திருத்த ஒன்றும் மிஞ்சாது. சாய்ந்த பக்கமே போய் விழும்.

உங்கள் ட்ரோன் எந்த ரகம் என்று அறிய, நிறைந்த டேங்குடன் காற்றில்லாத வேளையில் இரண்டு நிமிடம் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, 'மாட் த்ரஸ்ட் ஹோவர்' பாராமீட்டரைப் பாருங்கள். அந்தரத்தில் நிற்க முழு உந்துவிசையில் எவ்வளவு பங்கு செலவாகிறது என்பதுதான் அது. 0.5-க்குள் இருந்தால் நல்லது. 0.6-ஐத் தாண்டினால் டேங்கில் இரண்டு லிட்டர் குறைத்து நிரப்புவதுதான் மலிவான வழி.

பேட்டரியையும் இதே கணக்கில் சேருங்கள். 12 செல் பேக் முழு சார்ஜில் 50.4 வோல்ட், செல்லுக்கு 3.5 வரும்போது 42. அதிகபட்ச உந்துவிசை ஏறக்குறைய வோல்ட்டேஜின் வர்க்கத்தை ஒட்டிக் குறையும். அப்போது 8 கிலோ மோட்டார் 5.6 கிலோ மோட்டாராகிவிடும். பாதி சார்ஜ் பேட்டரியோடு முழு டேங்க் ஏற்றுவதைப் போன்ற மோசமான சேர்க்கை வேறில்லை. இஎஸ்சியும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பலகை) தாங்க வேண்டும்: உந்துவிசை ஒன்றரை மடங்கானால் மின்சக்தி 1.84 மடங்கு, 12 ஆம்பியர் இழுத்தது 22 ஆம்பியர் இழுக்கும்.

மோட்டார் நின்றதை ஃப்ளைட் கண்ட்ரோலர் நேரடியாக அறிவதில்லை. ஒரு பக்கம் தாழ்வதைப் பார்த்து அந்த மோட்டாருக்குக் கட்டளையைக் கூட்டுகிறது. உச்சம் தொட்டும் ட்ரோன் ஒரு நொடி கீழிறங்கிக்கொண்டே இருந்தால் 'பொட்டென்ஷியல் த்ரஸ்ட் லாஸ்' என்று மோட்டார் எண்ணோடு எச்சரித்துவிட்டு, யாவை, அதாவது உடல் எந்தத் திசை பார்க்கிறது என்பதைக் கைவிடுகிறது. ஏன் யா? நின்ற கையை முன்பக்கம் வைத்துப் பாருங்கள். அதன் இருபுறமும் உள்ள இரண்டும் ஒரு திசையில் சுற்றுபவை, பின்னிரண்டும் மறுதிசை. மூக்கைத் தூக்க முன்னிரண்டைக் கூட்டினால் உடலும் சேர்ந்து திரும்பும். சாய்வு, திசை இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்.

எச்சரிக்கை வந்ததும் யா ஸ்டிக்கைத் தொடாதீர்கள். ஆர்டிஎல் (புறப்பட்ட இடத்துக்குத் தானாகத் திரும்பும் மோட்) போடவே கூடாது: அது முதலில் 15 மீட்டருக்கு ஏறப் பார்க்கும் (மாற்றாமல் விட்ட அமைப்பில்), ஏறுவதற்குத்தான் சக்தி இல்லை. கீழே வயல் காலியாக இருந்தால் தானாக இறங்கும் லேண்ட் மோட். கடைசி 10 மீட்டரை நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இறக்கும். உடல் சுழன்று ஜிபிஎஸ் நிலைப்பு தள்ளாடினால் ஆல்ட் ஹோல்டில் (உயரத்தை மட்டும் ட்ரோன் தானே பிடிக்கும் மோட்) நீங்களே நேராக இறக்குங்கள். அவசரப்பட்டு மடமடவென்று இறக்கினால் தன் காற்றுக்குள்ளேயே மூழ்கி வேகமாக விழும். பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும். குறையும் ஒவ்வொரு லிட்டரும் மோட்டாருக்குக் கால் கிலோ லாபம், பெரிய உதவி இல்லைதான்.

இதை முதலில் சிமுலேட்டரில் பழகுங்கள். ஹெக்ஸா ஃப்ரேமில் 'சிம் எஞ்சின் ஃபெயில்' பாராமீட்டரில் மோட்டாரைத் தேர்ந்து, 'சிம் எஞ்சின் மல்' மதிப்பை 0 ஆக்கினால் பறக்கும்போதே மோட்டார் சாகும்.

மோட்டார் நிற்க வழக்கமான காரணங்கள் அற்பமானவை. புல்லட் கனெக்டர் தளர்வது, மருந்துப் படிவு அரித்த சால்டர், கிளிப் விட்ட மடக்கு ப்ராப், அளவுக்கு மீறி நீண்டு காயிலை உரசும் மவுண்ட் ஸ்க்ரூ. தினமும் இறக்கியதும் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆறு மோட்டாரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் மறுநாள் அதைப் பறக்கவிடாதீர்கள்.

விழுந்த பிறகு லாக்கில் (பறப்புப் பதிவில்) ஆர்சி அவுட் கோடுகளை, அதாவது ஒவ்வொரு மோட்டாருக்கும் போன கட்டளையைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறான மோட்டாரைக் கழற்றுகிறார்கள். கோடு அடிமட்டத்துக்கு விழுந்தது எதிர்க்கை மோட்டார், அது நல்லதுதான். கோடு உச்சியில் முட்டி நிற்கிறதே, அதைக் கழற்றுங்கள்.