காரின் பழைய ஆயிலைப் பிடிப்பதிலும் வைப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு வாசலில் தாமே காருக்கு ஆயில் மாற்றுகிறவர்கள், ஊற்றப் போகிற புது ஆயிலைப் பற்றி எவ்வளவோ விசாரிக்கிறார்கள். இறங்கப் போகிற பழைய ஆயிலை எதில் பிடிப்பது, பிடித்ததை எங்கே வைப்பது, யாரிடம் சேர்ப்பது என்பதையோ எஞ்சினின் அடியில் ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றிய பிறகுதான் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சாவை ஒட்டிய சிமெண்டுத் தரையில் ஒரு கறுத்த வட்டம் இன்றும் இருக்கிறது. இருபது லிட்டர் குடிநீர் கேன் ஒன்றை நீளவாக்கில் அறுத்து அதில் ஆயிலைப் பிடித்தேன். பிடிக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து வெளியே இழுத்தபோது, உருண்டையான அடிப்பக்கம் புரண்டு பாதி ஆயில் தரையில் கொட்டிவிட்டது.

பாத்திரத்தில் செய்யும் தவறே முதல் தவறு. சிறிய பெட்ரோல் கார்களில் மூன்று லிட்டர் அளவும், பெரிய டீசல் வண்டிகளில் ஆறு, ஏழு லிட்டர்வரையும் ஆயில் இருக்கும். சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் போல ஒன்றரை மடங்காவது கொள்ளும் பாத்திரம் வேண்டும், அடி தட்டையாக இருக்க வேண்டும், வண்டிக்கும் தரைக்கும் இடையிலுள்ள ஒரு சாண் இடைவெளியில் நுழையும் உயரமும் இருக்க வேண்டும். பலகாரக் கடைகளில் கிடைக்கும் பதினைந்து கிலோ எண்ணெய்த் தகர டின்னைப் படுக்கவைத்து, நான்கு விரற்கடை உயரம் விட்டு நீளவாக்கில் வெட்டினால் சிறிய கார்களுக்கு இந்த மூன்றும் பெரும்பாலும் பொருந்திவிடும். வெட்டிய விளிம்பைச் சுத்தியலால் உள்பக்கம் மடக்கித் தட்டாவிட்டால் கையைக் கிழித்துவிடும். துணி துவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பேசினும், குளிர்பானப் புட்டியும் இதற்கு ஆகா. ஓடி வந்த எஞ்சினில் ஆயில் தொண்ணூறு, நூறு டிகிரிவரை சூடாக இருக்கும். அந்தப் புட்டிகளோ எழுபது டிகிரியைத் தாண்டியதுமே நெளிந்து சுருங்கத் தொடங்கும்.

எஞ்சினை நன்றாகச் சூடேற்றிய பிறகே ஆயிலை இறக்க வேண்டும் என்று பலர் சொல்வது குளிர்நாட்டுக் கணக்கு. சித்திரை, வைகாசி வெயிலில் வாசலில் நின்ற வண்டியின் ஆயில் தானே இளகித்தான் இருக்கும். அடியில் படிந்த கசடு கலங்கி வருவதற்காக நான்கைந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துப் போல்ட்டைத் தொட்டால் கையும் வேகாது, பாத்திரமும் உருகாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகுவது உயிருக்கே ஆபத்து. ஸ்டாண்டை முட்டுக் கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகே குனிய வேண்டும்.

போல்ட்டுக்கு நேர் கீழே டின்னை வைத்துவிட்டு ஆயில் அதிலேயே விழும் என்று நம்புவது அடுத்த தவறு. பல வண்டிகளில் போல்ட் பக்கவாட்டில் பார்த்து இருக்கும். திறந்தவுடன் ஆயில் ஒரு முழம் தள்ளிப் பாயும், உள்ளே மட்டம் குறையக் குறைய வளைந்து பின்வாங்கும், கடைசியில் போல்ட்டின் அடியிலேயே நூலாக ஒழுகும். ஆகவே முதலில் டின்னைத் தள்ளி வைத்து, பிறகு ஓட்டத்தோடு அதையும் நகர்த்திக்கொண்டே வர வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வீசும் நாட்களில் அந்தக் கடைசி நூல் டின்னில் விழாது, பக்கத்துத் தரையில்தான் விழும். ஒன்று காற்று மறைவான பக்கத்தில் வண்டியை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் மேற்குப் பக்கம் ஒரு பலகையைச் சாத்த வேண்டும். டின்னுக்கு அடியில் பழைய சாக்கையும் அதன்மேல் அட்டையையும் விரித்துவைப்பது எப்போதும் நல்லது.

ஆயில் ஃபில்டரை அநேகமாக எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கழற்றிய ஃபில்டருக்குள் ஒரு தம்ளர் ஆயிலாவது தேங்கியிருக்கும். அதை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டால் அந்த ஆயில் முழுவதும் தெருவுக்கே போகும். டின்னுக்குமேல் கவிழ்த்துவைத்து ஓர் இரவு முழுவதும் வடியவிட வேண்டும். அதன் முதுகில் ஆணியால் ஒரு துளை போட்டுவிட்டால் இன்னும் நன்றாக வடியும்.

எவ்வளவு கவனித்தாலும் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். அப்போது சோப்புத்தூளைப் போட்டுத் தேய்த்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வாறுகாலுக்கு, அதாவது தெருச் சாக்கடைக்கு, தள்ளிவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய பிழை என்பேன். ஒரு வண்டியிலிருந்து ஒரு முறை இறங்கும் ஆயில் பத்து லட்சம் கேலன், அதாவது ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர், நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டிருக்கிறது. நம் தெருவின் வாறுகால் தண்ணீர் மழைக்காலத்தில் பாளையங்கால்வாயிலோ நெல்லைக் கால்வாயிலோ குளத்திலோ போய் விழுகிறது. தாமிரபரணியின் படுகையில் தோண்டிய உறைகிணறுகளிலிருந்துதான் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் போகிறது. சிந்திய இடத்தில் உமியையோ தேங்காய் நார்த்தூளையோ மரத்தூளையோ கொட்டி, ஊறியபின் கூட்டி அள்ளி, தடித்த பையில் கட்டித் தனியே வைப்பதே சரி.

வடிந்த ஆயிலோடு வேறு எதையும் சேர்க்கக் கூடாது. கழற்றிய பாகங்களைக் கழுவிய மண்ணெண்ணெய், பிரேக் ஆயில், ரேடியேட்டரிலிருந்து எடுத்த கூலண்ட் எல்லாவற்றையும் ஒரே கேனில் ஊற்றிவிடுகிறார்கள். தனியாக இருக்கும் பழைய ஆயிலைச் சுத்திகரித்து மறுபடியும் லூப்ரிகேஷன் ஆயிலாக்க முடியும். கலந்துவிட்டால் எடுத்துச் செல்ல யாரும் முன்வர மாட்டார்கள். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதை நக்கிவிட்டு நாயும் பூனையும் சாகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எடுத்து வைப்பதற்குப் புது ஆயில் வந்த கேனைவிடச் சிறந்த பாத்திரம் இல்லை. அளவு ஒத்துப்போகும், மூடி இறுக்கமாக இருக்கும், பிளாஸ்டிக்கும் ஆயிலுக்கென்றே செய்தது. புனல் வைத்து ஊற்றும்போது மேலே இரண்டு விரற்கடை வெற்றிடம் விட வேண்டும், ஏனெனில் சூட்டில் ஆயில் விரியும். கேனின் லேபிளைக் கிழித்துவிட்டுப் ‘பழைய ஆயில்’ என்று தேதியோடு பெரிதாக எழுத வேண்டும். தண்ணீர்ப் புட்டியிலோ சமையல் எண்ணெய்ப் புட்டியிலோ ஊற்றி வைப்பது, குழந்தைகள் உள்ள வீட்டில் மன்னிக்க முடியாத தவறு. மொட்டைமாடியில் வைத்தால் நம் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் ஒரே கோடையில் நொறுங்கத் தொடங்கும். வெந்நீர் போடும் விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் தீ ஆபத்து. தரையோடு வைப்பதையும் 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நான் விட்டுவிட்டேன். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது முதலில் மிதப்பவை இத்தகைய கேன்கள்தான். நிழலான இடத்தில், இடுப்பளவுக்கு மேலான சிமெண்டுத் தட்டில் வைப்பதே பாதுகாப்பு.

கதவு நிலைக்கும் வேலிக்கம்புக்கும் கரையான் ஏறாமலிருக்கப் பழைய ஆயில் பூசுவதும், மாட்டுப் புண்ணில் ஈ மொய்க்காமலிருக்கத் தடவுவதும், கொசுப் புழு சாகத் தேங்கிய நீரில் ஊற்றுவதும் நம் பக்கத்துப் பழக்கங்கள். பொருளை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்தவைதான் அவை. ஆனால் எஞ்சினில் வெந்த ஆயிலில் தேய்ந்த உலோகத் துகள்களும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் சேர்ந்துவிடுகின்றன. புழுவை மூச்சடைக்க வைக்கும் அதே படலம் மீனுக்கும் காற்று போகாமல் அடைத்துவிடும். வெறும் கையால் இதைத் தொடுவதே தவிர்க்க வேண்டியது. ரப்பர் கையுறை அணியாமல் போல்ட்டைத் தொடக் கூடாது.

சட்டப்படியும் பயன்படுத்திய ஆயில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பழைய ஆயில் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி ஆவதற்கு லூப்ரிகேஷன் ஆயில் தயாரிப்பாளர்களையும் பொறுப்பாக்கியிருக்கிறது. வீட்டில் ஆயில் மாற்றுகிறவருக்கு எளிய வழி, பீப்பாயில் பழைய ஆயில் சேர்த்து, மறுசுழற்சி செய்ய உரிமம் பெற்றவர்களுக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது. சூளையில் எரிக்க வாங்குகிறவர்களுக்கு, நாலு காசு கிடைக்கும் என்பதற்காகக் கொடுத்துவிடக் கூடாது.

ஒர்க்‌ஷாப்காரர் கேனைத் திறந்து ஆயிலின் நிறத்தைப் பார்ப்பார். கறுப்பாக இருந்தால் வாங்கிக்கொள்வார்; பால் கலந்த காப்பி போல வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று திருப்பிவிடுவார். நீங்கள் எதையும் கலக்காமலேயே ஆயில் அப்படி வெளுத்து இறங்கியிருந்தால், எஞ்சினுக்குள் கூலண்ட் கசிந்து ஆயிலில் சேர்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். புது ஆயிலை ஊற்றி ஓட்டுவதற்கு முன் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.