தெரிந்ததுபோல் தோன்றுவதை நம்பிப் படிக்காதீர்கள்

வேலூர், காட்பாடி வட்டாரக் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு முடிந்து வெளியே வரும் மாணவர்களில் சிலர், நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று முழு நம்பிக்கையோடு சொல்வார்கள். முடிவு வரும்போது அதே தாளில் அரியர் விழுந்திருக்கும். இதை உழைப்புக் குறைவு என்று முடித்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. தனக்கு எது தெரியும், எது தெரியாது என்று கணித்து, அதற்கேற்பப் படிப்பை மாற்றிக்கொள்ளும் திறனை மீயறிதல் என்கிறோம். 1970-களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃப்ளேவெல் வகுத்துத் தந்த இக்கருத்தின் வெளிச்சத்தில் பார்த்தால், பல தோல்விகளுக்குக் காரணம் இந்தக் கணிப்பு பிழைப்பதுதான்.

முதல் தவறு, நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, வரிகள் பழகிப்போனதையே பாடம் தெரிந்ததாக எடுத்துக்கொள்வது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையொன்றில், ஒரு பிரிவினர் நான்கு கட்டங்களிலும் ஒரே பகுதியைப் படித்தனர். இன்னொரு பிரிவினர் ஒரு கட்டத்தில் மட்டும் படித்து, மீதி மூன்றிலும் பார்க்காமல் எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, நான்கு முறையும் படித்தவர்களே முன்னிலையில் இருந்தனர். ஒரு வாரம் கழித்தோ, எழுதியவர்களுக்குச் சுமார் 61 விழுக்காடும் படித்தவர்களுக்குச் சுமார் 40 விழுக்காடும் நினைவில் இருந்தது. நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் படித்தவர்கள்தான் என்பதை நம் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டும்.

மார்க்கரால் பக்கம் முழுவதும் கோடிடுவதும் இதே வகைதான்.

படித்த கையோடு புத்தகத்தை மூடிச் சொல்லிப் பார்ப்பதும் ஏமாற்றும். சற்றுமுன் படித்தது அப்போது மனத்தில் அப்படியே நிற்கும். இரவில் படித்ததை மறுநாள் காலை, குடியாத்தத்திலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ பேருந்தில் வரும்போது, எதையும் பார்க்காமல் நினைவுகூர்ந்தால் உண்மை நிலை தெரியும்.

வரையறையை மட்டும் சோதித்துக்கொள்வது இன்னொரு தவறு. இதை யாரும் தவறாகவே கருதுவதில்லை என்பதுதான் என் கவலை. பொருளியல் மாணவர் ஒருவர், விலை மாறும் விழுக்காட்டுக்குத் தேவை எத்தனை மடங்கு மாறுகிறது என்பதைக் குறிக்கும் தேவை நெகிழ்ச்சியின் இலக்கணத்தைப் பிசகாமல் ஒப்பிப்பார். பத்து ரூபாய்க்கு நூறு விற்ற பொருள், பதினொரு ரூபாய் ஆனதும் எண்பதுதான் விற்றது, வியாபாரிக்கு லாபமா என்று கேட்டால் தயங்குவார். விலை 10 விழுக்காடு ஏறத் தேவை 20 விழுக்காடு குறைந்தது, நெகிழ்ச்சி 2. வருவாய் 1,000-லிருந்து 880 ரூபாயாக இறங்கியது. லாபத்தைச் சொல்லச் செலவும் தெரிய வேண்டும். இந்தக் கடைசிப் படி அவர் மனத்தில் எழவில்லையென்றால், ஒப்பித்த இலக்கணம் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவைத் தாண்டி உதவாது.

அகமதிப்பீட்டுத் தேர்வுத் தாள் திரும்பி வரும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பது வீணான இழப்பு. எழுதி முடித்ததுமே ஒவ்வொரு விடைக்கும் எவ்வளவு கிடைக்கும் என்று நோட்டில் குறித்து வைத்து, தாள் வந்ததும் ஒப்பிட வேண்டும். அதிகமாக எதிர்பார்த்துக் குறைவாகப் பெற்ற பாடத்தையே அடுத்த வாரம் முதலில் எடுக்க வேண்டும். பலரும் ஏற்கெனவே நன்றாக வரும் பாடத்தையே, படிக்கச் சுகமாக இருப்பதால், மீண்டும் எடுக்கிறார்கள்.